கவாத்துக் கத்தரி: தேர்வும் பராமரிப்பும்

கவாத்துக் கத்தரி என்பது செடி, கொடி, சிறு மரங்கள் ஆகியவற்றின் இளங்கிளைகளை ஒரு கையால் வெட்டுவதற்கான தோட்டக் கருவி ஆகும். பென்சில் பருமன் முதல் பெருவிரல் பருமன் வரையிலான தண்டுகள் இதன் எல்லை. பூ, காய் பறிக்கவும், காய்ந்த குச்சிகளை நீக்கவும், பதியன் போடுவதற்கான தண்டுத் துண்டுகளை எடுக்கவும் இது பயன்படுகிறது. ஒரு செடியின் காயம் விரைவில் மூடுவதும், அதன் வழியே நோய் நுழைவதும் பெரும்பாலும் வெட்டு எப்படி விழுந்தது என்பதைப் பொறுத்தவை. ஆகவே சரியான கத்தரியைத் தேர்ந்தெடுப்பதும் அதைக் கூர்மையாகவும் சுத்தமாகவும் வைத்திருப்பதும் செடிப் பராமரிப்பின் ஒரு பகுதியே.

பெயரும் தோற்றமும்

தமிழில் ‘கவாத்து’ என்ற சொல் படை, காவல் துறையினரின் அணிவகுப்புப் பயிற்சியையும் குறிக்கும். மரஞ்செடிகளின் கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவதையும் குறிக்கும். இக்கருவிக்குக் கவாத்துக் கத்தரி, கவாத்துக் கத்தரிக்கோல் என்ற பெயர்கள் வேளாண் நூல்களில் வழங்குகின்றன. கடைகளில் ‘கட்டர்’, ‘புரூனர்’, ‘சிகேச்சர்’ என்று கேட்டாலும் கிடைக்கும்.

இக்கருவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் தோன்றியது. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் அமைச்சர்களில் ஒருவராக இருந்த பெர்த்ரான் த மொல்வில் இதை உருவாக்கியவராகக் கருதப்படுகிறார். அதுவரை திராட்சைத் தோட்டங்களில் வளைந்த கத்தியே பயன்பட்டது. 1945இல் சுவிட்சர்லாந்தில் ஃபெலிக்ஸ் ஃபிளிஷ் தொடங்கிய ஃபெல்கோ நிறுவனம், பாகம் பாகமாகக் கழற்றிப் புதிய உதிரிபாகம் போடக்கூடிய கத்தரிகளால் உலகெங்கும் அறியப்பட்டது. இந்தியாவில் பஞ்சாபின் லூதியானாவில் தோட்டக் கருவிகள் செய்யப்படுகின்றன.

கொடுவாளும் கத்தரியும்

பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் ஈரோட்டுக்கு எதிரே அமைந்த விசைத்தறி நகரம். சேலம், நாமக்கல் சமவெளியின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் வீட்டு வாசலிலும் கொல்லையிலும் முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா, மாதுளை, மல்லிகை, செம்பருத்தி, காகிதப்பூ ஆகியவை வளர்கின்றன. இவற்றின் கிளையை வெட்டக் கொங்குப் பகுதியில் வழக்கமாகக் கைக்கு வருவது கொடுவாள் அல்லது அரிவாள்.

தேங்காய் மட்டையைச் சீவவும் வேலி முள்ளை வெட்டவும் கொடுவாள் சிறந்த கருவி. ஆனால் அது ஓங்கி விழும் விசையால் வெட்டுகிறது. விரல் பருமனுள்ள பச்சைக் கிளை அந்த அடியில் அசையும். வெட்டு குறித்த இடத்தில் விழாது. பட்டை நீளமாக உரியும். முருங்கை போன்ற மென்மையான மரத்தில் தண்டு பிளந்தும் போகும். கவாத்துக் கத்தரி கிளையை இரு பக்கமும் தாங்கிப் பிடித்து, ஓங்காமல், விரும்பிய கணுவுக்கு மேல் சரியாக வெட்டுகிறது.

செடியின் காயம் எப்படி மூடுகிறது

மனிதரின் தோல் போலச் செடி தன் காயத்தைப் புதுத் திசுவால் நிரப்பி ஆற்றுவதில்லை. காயம்பட்ட பகுதியை உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பித் தனிமைப்படுத்துகிறது; வெளியே விளிம்புகளிலிருந்து புதுத் திசுவை வளர்த்து மெல்ல மூடுகிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து இதை 1970களில் விளக்கினார்.

மூடும் திசு பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளர்படுகையிலிருந்து வருகிறது. கூரான அலகு அந்தப் படுகையைச் சிதைக்காமல் வெட்டும். மழுங்கிய அலகு அதை நசுக்கும். நசுங்கிய விளிம்பு காய்ந்து கருகும். அதன் பின்னரே உள்ளிருந்து புதுத் திசு கிளம்ப வேண்டும். அந்த இடைவெளியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைகின்றன. ரோஜாவில் கவாத்து செய்த நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுத்துக்கொண்டு வரும் நுனிக்கருகல் நோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

வகைகள்

குறுக்கலகுக் கத்தரி: இதில் ஒரு கூரான அலகு, வளைந்த தடித்த தாங்கும் அலகின் பக்கவாட்டில் உரசிக் கடந்து செல்லும். சாதாரணக் கத்தரிக்கோலின் இயக்கம் போன்றது. வெட்டு சுத்தமாக விழும். பச்சைக் கிளைகளுக்கும் பூச்செடிகளுக்கும் ஏற்றது. வீட்டில் ஒரு கத்தரி மட்டும் வாங்குவதானால் இதையே வாங்க வேண்டும்.

பட்டடைக் கத்தரி: இதில் இரு பக்கமும் தீட்டிய நேரான அலகு, தட்டையான ஒரு பரப்பின் மேல் வந்து அமரும், அரிவாள்மணையில் அல்லாமல் பலகையில் வைத்துக் காய் நறுக்குவது போன்றது. காய்ந்த கெட்டிக் குச்சிகளைக் குறைந்த முயற்சியில் வெட்டும். பச்சைத் தண்டை அடிப்பக்கத்தில் நசுக்கும் என்பதால் உயிருள்ள கிளைகளுக்கு உகந்ததன்று.

படிப்படியாக வெட்டும் கத்தரி: பற்சக்கர அமைப்பு கொண்டது. கைப்பிடியை மூன்று நான்கு முறை அழுத்த, அலகு படிப்படியாக இறங்கும். கைவலிமை குறைந்தவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் உதவும். வேகம் குறைவு, பாகங்கள் அதிகம்.

பூப்பறிக்கும் சிறு கத்தரி: கூரிய மெல்லிய முனை கொண்டது. பூ, திராட்சைக் குலை, மிளகாய் போன்றவற்றின் காம்பை வெட்ட மட்டுமே.

2 செ.மீ. வரையிலான கிளைக்குக் கைக்கத்தரி போதும். சில பெரிய மாதிரிகள் 2.5 செ.மீ. வரை வெட்டும். அதற்கு மேல் 4 செ.மீ. வரை, இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட கைப்பிடிக் கத்தரி தேவை. அதையும் கடந்த கிளைக்கு வளைந்த கவாத்து ரம்பமே முறை. கைக்கத்தரிகள் கெடுவதற்கு முதல் காரணம், ரம்பத்தின் வேலையை அவற்றிடம் வாங்குவதுதான்.

அலகின் எஃகு

எவர்சில்வர் என்று எழுதியிருந்தாலே அலகு தரமானது என்று எண்ணுவது தவறு. பாத்திரம் செய்யும் எவர்சில்வரை வெப்பப்படுத்திக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. அதில் கூர் நிற்காது. கத்திக்கு உரிய துருப்பிடிக்காத எஃகில் கரிமச்சத்து கூடுதலாக இருக்கும்; அதை வெப்பப் பதப்படுத்திக் கடினமாக்கலாம்.

உயர் கரிம எஃகு அலகு நன்றாகக் கூரேறும், நீண்ட நேரம் கூர் நிற்கும், எளிதில் தீட்டலாம். துருப்பிடிப்பதே அதன் குறை. துருப்பிடிக்காத எஃகு ஈரத்தைத் தாங்கும். பொதுவாகக் கூர் சற்று முன்னதாக மழுங்கும். துடைத்து எண்ணெய் இடும் பழக்கம் உள்ளவருக்குக் கரிம எஃகே நல்லது. அலகின் மேல் கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பூச்சு இருந்தால் அது பிசின் ஒட்டாமல் இருக்கவும் துருவைத் தடுக்கவும் உதவும். கூர் முனையில் அது விரைவில் தேய்ந்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. கை அளவு: முழு அளவுக் கத்தரி சுமார் 20 முதல் 21 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 250 கிராம் எடையும் இருக்கும். சிறிய கைகளுக்கு 17 முதல் 18 செ.மீ. நீளமுள்ளது பொருந்தும். கத்தரியை முழுவதும் திறந்து பிடித்தபோது நான்கு விரல்களும் கீழ்க் கைப்பிடியைச் சுற்றி வளைய வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டினால் அது பெரிய அளவு. பொருந்தாத கத்தரியால் நாள் முழுவதும் வெட்டினால் மணிக்கட்டும் பெருவிரல் அடியும் வலிக்கும். தோட்டக் கூலி வேலையில் பெண்கள் அதிகம் ஈடுபடும் இடங்களில் இது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது.

2. இடக்கைப் பழக்கம்: சாதாரணக் கத்தரி வலக்கைக்கானது. இடக்கையால் பிடித்தால் வெட்டும் இடம் தாங்கும் அலகால் மறைக்கப்படும். இடக்கைக்கான மாதிரிகள் தனியே கிடைக்கின்றன.

3. நடு ஆணி: இரு அலகுகளையும் இணைப்பது இது. கழற்றக்கூடிய போல்ட்டும் நட்டும் இருக்க வேண்டும். தட்டி மூடிய ரிவிட் ஆணி என்றால் உள்ளே சுத்தம் செய்யவோ தளர்வைச் சரிசெய்யவோ இயலாது.

4. அலகு ஆட்டம்: கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். அலகுகளுக்கு இடையே ஆட்டம் இருக்கக் கூடாது. மூடிய கத்தரியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் பகுதியில் இடைவெளி தெரியக் கூடாது.

5. தாள் சோதனை: செய்தித்தாளின் ஒற்றைத் தாளை அலகின் அடி முதல் நுனி வரை வைத்து வெட்டிப் பார்க்க வேண்டும். நுனியில் தாள் மடங்கினால் அலகுகள் சரியாகச் சேரவில்லை என்று பொருள்.

6. பூட்டும் ஸ்பிரிங்கும்: பூட்டு பெருவிரலால் எளிதில் இயங்க வேண்டும், தானாகத் திறக்கக் கூடாது. ஸ்பிரிங் தனியே மாற்றக்கூடியதா என்று கேட்க வேண்டும்.

7. உதிரிபாகம்: அலகும் ஸ்பிரிங்கும் தனியே கிடைக்கும் கத்தரி விலை கூடுதலானாலும் பல ஆண்டுகள் உழைக்கும். ஸ்பிரிங் ஒடிந்ததும் தூக்கிப்போடும் மலிவுக் கத்தரிகளை அடுத்தடுத்து வாங்குவதைவிட அது சிக்கனம்.

கைப்பிடியின் நிறமும் ஒரு பயன்தான். சிவப்பு அல்லது மஞ்சள் கைப்பிடி, வெட்டிய தழைக்குள் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பச்சை நிறக் கத்தரிகள் தோட்டத்தில் எளிதில் தொலைந்துபோகின்றன.

வெட்டும் முறை

கிளையை அலகின் நுனியில் வைக்காமல் நடு ஆணிக்கு அருகே உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அங்கேதான் விசை மிகுதி. வெட்டும்போது கத்தரியைத் திருகவோ ஆட்டவோ கூடாது. திருகினால் அலகுகள் விலகி, கிளை வெட்டுப்படாமல் இடையில் மடங்கும். ஒரே அழுத்தில் வெட்டுப்படாத கிளைக்கு அடுத்த பெரிய கருவியை எடுக்க வேண்டும்.

குறுக்கலகுக் கத்தரியில் மெல்லிய வெட்டும் அலகு, செடியில் நிற்கப்போகும் பகுதியின் பக்கம் இருக்க வேண்டும். தடித்த தாங்கும் அலகு, கீழே விழப்போகும் பகுதியின் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் சிறு முளை எஞ்சும்; நிற்கும் தண்டும் நசுங்கும். நுனியை வெட்டும்போது மொட்டுக்கு சுமார் அரை செ.மீ. மேலே, மொட்டுக்கு எதிர்ப்புறம் சரியுமாறு வெட்டினால் மழைநீர் மொட்டின் மேல் தேங்காது. பக்கக் கிளையை முழுவதும் நீக்கும்போது, அது தாய்த்தண்டில் சேரும் இடத்திலுள்ள வீங்கிய வளையத்தை விட்டு, அதன் வெளிப்புறத்தில் வெட்ட வேண்டும். காயத்தை மூடும் திசு அந்த வளையத்தில்தான் உள்ளது.

இப்பகுதிச் செடிகளும் கத்தரியும்

மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. முல்லைக்கு ஜனவரி கடைசி வாரத்தில் 45 செ.மீ. உயரம். இதற்குக் குறுக்கலகுக் கத்தரி ஏற்றது. புதரின் உள்ளே காய்ந்து நிற்கும் குச்சிகளையும் இத்துடன் நீக்கிவிட வேண்டும்.

முருங்கையில் கத்தரியின் வேலை சிறியது. 1989இல் பெரியகுளத்திலிருந்து வெளியான பி.கே.எம். 1 போன்ற செடி முருங்கை 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். அறுவடை முடிந்ததும் மறுதாம்புக்காக 90 செ.மீ. உயரத்தில் வெட்டுவார்கள். அந்தத் தண்டு கைக்கத்தரிக்கு அடங்காது. ரம்பத்தால் அறுப்பதே பிளவைத் தடுக்கும்.

எலுமிச்சையில் நேராக மேலெழும் நீர்ப்போத்துகளையும், மாதுளையில் அடியிலிருந்து கூட்டமாக வரும் போத்துகளையும் இளசாக இருக்கும்போதே நீக்குவது எளிது. இரண்டிலும் முள் உண்டு, கையுறை வேண்டும். கறிவேப்பிலையில் இலையை மட்டும் உருவாமல் கொத்தை நுனித் தண்டுடன் வெட்டி எடுத்தால் செடி கிளைத்து அடர்த்தியாகும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அடைந்த நுனிகளை வெட்டி உடனே அப்புறப்படுத்த வேண்டும். காகிதப்பூவைப் பூப்பு ஓய்ந்ததும் வெட்டிவிட்டால் புதுத் தளிரில் மீண்டும் பூக்கும்.

நோய் பரப்பும் அலகு

நோயுற்ற கிளையை வெட்டிய அலகு, அடுத்த செடிக்கு அந்நோயைக் கொண்டு செல்லும். மாதுளையின் பாக்டீரியா கருகல் நோயும் எலுமிச்சையின் சொறி நோயும் இவ்வாறு பரவக்கூடியவை. ஒரு கத்தரியை வாங்கிப் பல வீடுகளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போதும், கூலிக்குக் கவாத்து செய்பவர் ஒரே நாளில் பல தோட்டங்களுக்குப் போகும்போதும் இந்த ஆபத்து கூடுகிறது.

தடுக்கும் வழி எளிது. நல்ல செடிகளை முதலிலும் நோயுற்றவற்றைக் கடைசியிலும் வெட்ட வேண்டும். சந்தேகமான ஒவ்வொரு செடிக்குப் பின்னும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த துணியால் அலகைத் துடைக்க வேண்டும். அதற்கு முன் ஒட்டிய மண்ணையும் பிசினையும் நீக்கியிருக்க வேண்டும். அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, பீடி, சிகரெட் அருகே பயன்படுத்தக் கூடாது. பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும். ஆனால் எஃகை அரிக்கும். அதைப் பயன்படுத்தினால் பிறகு நல்ல நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் இட வேண்டும். ரோஜா போன்றவற்றில் வெட்டிய முனையில் போர்டோ பசை அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுவதும் வழக்கம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதும் இலை நனைந்திருக்கும்போதும் வெட்டாமல் இருப்பது நல்லது. ஈரத்தில் கிருமிகள் எளிதில் பரவும். ஏப்ரல், மே வெயிலில் ஒரேயடியாக நிழல்கிளைகளை நீக்கினால் உள்தண்டின் பட்டை வெயிலில் வெந்துபோகும்.

அன்றாடப் பராமரிப்பு

வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். சோப்பு நீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் அலகைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிசின் இறுகியிருந்தால் சில துளி மண்ணெண்ணெய் இளக்கும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவி அப்படியே விட்டால் துரு விரைவாக ஏறும்.

பின்னர் நடு ஆணி, ஸ்பிரிங், அலகு ஆகியவற்றில் ஒரு துளி எண்ணெய் விட்டு நான்கைந்து முறை திறந்து மூட வேண்டும். தையல் எந்திர எண்ணெய் இதற்கு மிக ஏற்றது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடிக்கும். கத்தரியைப் பூட்டி உலர்ந்த இடத்தில் தொங்கவிட வேண்டும். ஈர மண்ணில் குத்தி வைப்பதும் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து மறப்பதும் அலகைக் கெடுக்கும்.

லேசான துருவை எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தடவிச் சிறிது நேரம் ஊறவைத்து, இரும்பு நாரால் தேய்த்து நீக்கலாம். உடனே கழுவி உலர்த்தி எண்ணெய் இட வேண்டும்.

தீட்டும் முறை

கத்தரியைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதில் கவனம் தேவை. வீட்டுக் கத்தியை இரு பக்கமும் தீட்டுவார்கள். குறுக்கலகுக் கத்தரியின் வெட்டும் அலகோ ஒரு பக்கம் மட்டும் சரிவானது, மறுபக்கம் தட்டையானது. தட்டைப் பக்கத்தைச் சக்கரத்தில் வைத்து உரசிவிட்டால் இரு அலகுகளுக்கும் இடையே இடைவெளி விழும். அதன் பின் எவ்வளவு கூராக இருந்தாலும் பச்சைத் தண்டு இடையில் மடங்குமே தவிர வெட்டுப்படாது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் எஃகு சூடேறி நீலநிறமானால் அந்த இடத்தில் கடினமும் போய்விடும். கையால் தீட்டுவதே பாதுகாப்பானது:

1. கத்தரியைச் சுத்தம் செய்து, முடிந்தால் போல்ட்டைக் கழற்றி வெட்டும் அலகைத் தனியே எடுக்க வேண்டும். பாகங்கள் இருந்த வரிசையைப் படம் எடுத்துக்கொண்டால் மீண்டும் பூட்டுவது எளிது.

2. சரிவுப் பக்கத்தில் சிறு தீட்டுக்கல் அல்லது வைர அரத்தை, ஏற்கெனவே உள்ள சரிவோடு ஒட்டி வைக்க வேண்டும். இது பொதுவாக 20 முதல் 25 பாகை.

3. அடியிலிருந்து நுனி நோக்கி, அலகின் வளைவைப் பின்பற்றி ஒரே திசையில் தள்ள வேண்டும். பத்துப் பதினைந்து தடவை போதும்.

4. தட்டைப் பக்கத்தில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். கல்லை அப்பக்கத்தில் முழுத் தட்டையாக வைத்து ஒன்றிரண்டு முறை மட்டும் உரசினால் அது போய்விடும்.

5. தாங்கும் அலகைத் தீட்டக் கூடாது. அதன் காடியிலுள்ள அழுக்கை நீக்கினால் போதும்.

6. எண்ணெய் இட்டுப் பூட்டி, நட்டை ஆட்டம் இல்லாமலும் இறுக்கம் இல்லாமலும் சரிசெய்ய வேண்டும். ஸ்பிரிங் இல்லாத நிலையில் கைப்பிடியை விட்டால் அலகு மெல்ல இறங்குவது சரியான அளவு. முடிவில் தாள் சோதனை செய்து பார்க்கலாம்.

பாதுகாப்பு

கிளையைப் பிடிக்கும் கையே அதிகம் வெட்டுப்படுகிறது. அந்தக் கை வெட்டும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். பூட்டாத கத்தரியைச் சட்டைப் பையிலோ இடுப்பிலோ செருகக் கூடாது. அரளி, எருக்கு, கள்ளி ஆகியவற்றின் பால் நச்சுத்தன்மை கொண்டது. கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு நேரும். இவற்றை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் தேவை. வெட்டியபின் கத்தரியையும் கையையும் கழுவ வேண்டும்.

கொடி கட்டிய கம்பி, நைலான் கயிறு, சொட்டுநீர்க் குழாய் போன்றவற்றைக் கவாத்துக் கத்தரியால் வெட்டக் கூடாது. ஒரு கம்பியை வெட்டினாலே அலகில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் அதன் பிறகு வெட்டும் ஒவ்வொரு தண்டிலும் ஒரு பட்டை நாரை அறுக்காமல் விட்டுவிடும். கையால் இழுத்தால் அந்த நார் பட்டையோடு உரிந்து வரும். அத்தகைய பள்ளம் தீட்டியும் போகாவிட்டாலோ, தேய்ந்துபோய் அலகுகள் நுனியில் சேராவிட்டாலோ அலகை மாற்ற வேண்டும். அலகு கிடைக்காத கத்தரியாக இருந்தால் அதைக் காய்ந்த குச்சி ஒடிப்பதற்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.